ஆறாவது சீஸ்

"இதுல ரெனட் இருக்கா?"

வெங்கட்ராமன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டபோது, பிரவீணா சங்க ஹாலின் சமையலறையில் கடைசி அத்திப்பழத்தை நான்காக அரிந்துகொண்டிருந்தாள்.

"இல்ல அங்கிள். பார்த்துத்தான் வாங்கினேன்."

"பார்த்தேன்னு எல்லாரும்தான் சொல்றா. ரெனட்னா என்னன்னு தெரியுமோன்னோ? கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுத்து, பாலைத் திரிய வைக்கிறது. நம்ம மேசையில அது ஏறப்படாது."

மல்கிரேவ் புறநகரில் அவர்கள் தமிழ்ச் சங்கத்து விருந்து என்றால் சுத்த சைவம். உணவுக் குழுவுக்குப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் தலைவர். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கடுகுகூட மேசைக்குப் போகாது.

போன தீபாவளிக்கு பிரவீணா கொண்டுவந்த புட்டிங்கில் மாட்டெலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருப்பதைக் கண்டுபிடித்து, அவள் பெயரையும் சேர்த்து மைக்கில் அறிவித்தவரும் அவரேதான். பாவம், தெரியாமல் செய்த தப்பு. ஆனால் அன்றிலிருந்து எந்த விருந்துக்கும் "நீ என்ன கொண்டு வர்றே?" என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த அவமானம் ஆறு மாதமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் இங்கே ஏப்ரலில் வரும் இந்த இலையுதிர்கால விருந்துக்குச் சீஸ் பலகையை அவளே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு அது மேசை ஏறியே ஆக வேண்டும்.

ஒரு வாரம் நாயாய் அலைந்திருந்தாள். நாலு கடை ஏறி இறங்கி, போதாததற்கு சீஸ் செய்யும் கிப்ஸ்லாண்ட் பண்ணை ஒன்றுக்கு ஃபோன் போட்டும் விசாரித்தாள். கல்யாணத்துக்கு வந்த மணைப்பலகையில் ஐந்து சீஸையும் கோலத்து இதழ்கள் மாதிரி அடுக்கியிருந்தாள். நடுவில் அத்திப்பழம், கருந்திராட்சை, பேரிக்காய், வால்நட், தேன். ஓரத்தில் கை முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும். சுற்றிலும் வாசலில் உதிர்ந்த சிவப்பு இலைகளைக் கழுவித் துடைத்துப் பரப்பியிருந்தாள். கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

"லேபிள் எங்கே?"

பிரவீணா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினாள். ஐந்து சீஸுக்கும் ஐந்து லேபிள், வெட்டி வரிசையாக ஒட்டியிருந்தது. அவர் எழுத்தெண்ணிப் படித்தார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. அவர் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

அப்போதுதான் ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணம் அவர் கண்ணில் பட்டது. போய்த் தூக்கிப் பார்த்தார். கல் மாதிரி இறுகிய மஞ்சள் சீஸ் ஒன்று, பாதி துருவியது, கவரோடு இருந்தது.

பிரவீணா கத்தியை வைத்துவிட்டு அவசரமாக அவர் பக்கம் வந்தாள்.

"அது மேசைக்கு இல்ல அங்கிள். வேண்டாம்னு எடுத்து வச்சது. விட்டுடுங்க."

அவரா விடுவார்? கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கன்னுக்குட்டி ரெனட். போட்டிருக்கான் பாருங்கோ. எல்லாரும் இங்க வாங்கோ."

தட்டும் கையுமாக நின்றிருந்த ஹால் மொத்தமும் கூடிவிட்டது.

"மறுபடியும் உன் வேலையைக் காட்டிட்டியே. ஏது இது?"

"இது என்னோடது இல்ல அங்கிள். ஒருத்தர் சேர்த்துக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. படிச்சுப் பார்த்தேன், ரெனட் இருந்துச்சு. திருப்பிக் கொடுக்கலாம்னு மூடி வச்சேன்."

"யார் கொடுத்தா?"

"அன்பாக் கொடுத்தாங்க. பேரெல்லாம் எதுக்கு?"

"சொல்லு. ஆத்துல இதைத் தின்னுண்டு, வெளியில சைவம்னு திரியறது யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும். மைக்குல நானே சொல்றேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தாள்.

"ஏன்னா, இதுக்கா இத்தனை சத்தம்? காத்தால நான்தான் கொடுத்தேன். நம்மாத்து ஃப்ரிட்ஜ்ல இருந்தது. ஞாயித்துக்கிழமை தவறாம உங்க தோசை மேல துருவிப் போடறேனே, அதுதான் இது."

பிரவீணா மணையை இரண்டு கையாலும் ஏந்திப்போய் மேசையின் நட்டநடுவில் வைத்தாள். பிறகு திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"மைக் கொண்டு வரட்டுமா அங்கிள்?"