துண்டுக்கடியில் முடிந்த விலை

தொண்டையில் அறுவை நடந்ததிலிருந்து மஞ்சள் வியாபாரி கிருபாகரனுக்குப் பேச்சு இல்லை. விலையை இருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பதியாத ஒப்பந்தம் செல்லாது என்பதோ சட்டம். அதனால் அவரிடம் சரக்குப் போட ஆளில்லை, தாரணியைத் தவிர. மாட்டுச் சந்தையில் செய்வதுபோல் கைமேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து, அறுவடைக்கு முன்பே அவள் அவரோடு விலையை முடித்துவிடுவாள்.

இந்த வருஷம் அறுவடைக்குள் சந்தை விலை இரண்டு மடங்காக ஏறிவிட்டது. அறுபது மூட்டையோடு ஈரோட்டில் அவருடைய கிடங்குக்கு அவள் வந்தபோது, ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வாசல் எந்திரம் வண்டியை நிறுத்தியது.

“உங்கள் ஒப்பந்தம் செல்லாது. பழைய விலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.”

“தெரியும்.”

“யாராவது மிரட்டினார்களா?”

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே தராசுக்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு, அவள் வருவாள் என்று தெரிந்தவர்போல கிருபாகரன் நின்றுகொண்டிருந்தார்.

“பிறகு ஏன் கொடுக்கிறீர்கள்?”

“போன வருஷம் விலை பாதியா விழுந்துச்சில்ல? அப்ப அவருகிட்டயும் இதேதான் சொன்னே, வாங்க வேண்டியதில்லைன்னு. முடிச்ச விலைக்கு அத்தனை மூட்டையும் வாங்கினாரு. கதவைத் தெற.”