பெயிண்டர் கட்சி மாறிவிட்டார்

"நாளைக்கு என் ஓட்டு அந்தப் பக்கம்தான்" என்றார் பெயிண்டர்.

சுத்தியல் சத்தம் நின்றது. நசுங்கிய கார் கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த டிங்கர், மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"தினமும் நாம உட்கார்ந்து திட்டுவோமே, அந்தக் கட்சி."

"வெயில் தலைக்கு ஏறிடுச்சாண்ணே?"

"விளையாட்டுக்குச் சொல்லலைப்பா. நிஜம்தான்."

அந்த கார் பட்டறையில் இதைவிடப் பெரிய செய்தி வந்ததில்லை. பெயிண்டரும் டிங்கரும் பல வருஷமாக ஒரே கட்சி. கூட்டம் என்றால் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். அந்த ஸ்கூட்டரே கட்சி நிறம்தான். மிச்சமான பெயிண்டில் பெயிண்டர் தானே அடித்துக்கொண்டது. தலைவரை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு இருவருக்கும் டீ இறங்காது.

பட்டறை எலக்ட்ரீஷியன் கட்சி மாறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த வாரத்திலேயே எத்தனை முறை மாறினார் என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் பெயிண்டர்?

"அவங்க பிரசார வேனுக்கு ஒரு கோட் கூடுதலா அடிச்சப்பவே நினைச்சேன். நல்லாக் கவனிச்சிருப்பாங்க" என்றார் எலக்ட்ரீஷியன். "நாளைக்கு ஸ்கூட்டரையும் மாத்தி அடிச்சிருவாரு பாருங்க."

பெயிண்டர் அது காதில் விழாதவர்போல் ஸ்பிரே கன்னைத் தின்னரில் கழுவ ஆரம்பித்தார்.

டிங்கருக்கு அதுதான் தாங்கவில்லை. பக்கத்தில் போய் நின்றார்.

"வாயைத் திறந்து சொல்லுண்ணே. அண்ணி ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க, கட்சிக்காரன் ஒருத்தனும் எட்டிப் பாக்கலைன்னு கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

"பின்னே? பொண்ணுக்கு வேலை வாங்கித் தர்றேன்னு சொன்னாங்களா?"

"சேச்சே."

"அப்ப மனசாட்சியைத்தான் வித்துட்டே. நம்ம கொடியைக் கட்டப் போய்த்தானே அண்ணி ஏணியிலேருந்து விழுந்தாங்க? கட்சிக்காக இடுப்பை ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கறவங்களுக்கு நீ பண்ற கைம்மாறு இதுதானா?"

பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். எலக்ட்ரீஷியன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

"யோசிச்சுத்தான் முடிவு பண்ணேன்" என்றார். அவ்வளவுதான்.

டிங்கர் சுத்தியலைக் கீழே போட்டார். "கூடப் பொறந்தவன் மாதிரி பழகினதுக்கு நல்லாச் செஞ்சேண்ணே. இனிமே உன் மூஞ்சியில முழிச்சா ஏன்னு கேளு!"

மறுநாள் வாக்குச்சாவடி வரிசையில், டிங்கருக்குச் சற்றுப் பின்னால் பெயிண்டர் நின்றிருந்தார். வழக்கமாக மனைவியோடு வருகிறவர், தனியாக வந்திருந்தார். டிங்கரைப் பார்த்துச் சிரித்தார். டிங்கர் சுவரைப் பார்த்தார்.

ஓட்டுப் போட்ட கையோடு டிங்கர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். போட்டுக்கொடுப்பது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் அண்ணிக்கு விஷயம் தெரிந்தே ஆகவேண்டும்.

பெயிண்டரின் மனைவி கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"வாங்க தம்பி. ஓட்டுப் போட்டாச்சா? எங்கே, விரலைக் காட்டுங்க" என்று ஆசையாகப் பார்த்தார். "எனக்குத்தான் இந்தத் தடவை குடுத்து வைக்கலை. ஸ்ட்ரெச்சர்லயாவது தூக்கிட்டுப் போங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். டாக்டர் விடவே மாட்டேன்னுட்டாரு. இதுவரைக்கும் ஒரு எலெக்‌ஷன் விட்டதில்லை தம்பி நான்."

டிங்கருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார்.

"அண்ணி, மனசைத் திடப்படுத்திக்குங்க. அண்ணன் கட்சி மாறிட்டாரு. இன்னிக்கு அவங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்காரு."

"யாரு, இவரா?"

"அவர் வாயாலயே சொன்னாரு. பட்டறையே சாட்சி."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா அழுதுடுங்க அண்ணி. நேத்து எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நம்ம கட்சிக்காக எலும்பையே குடுத்தவங்க நீங்க..."

"நான் எங்க தம்பி உங்க கட்சி?"

டிங்கர் விழித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே நான் அந்தக் கட்சிதான். ஒவ்வொரு தடவையும் அவர்கூடவே வந்து, அவருக்கு எதிரா ஒண்ணு குத்திட்டுப் போவேன். அவருக்கு மட்டும் தெரியும். உங்களுக்கெல்லாம் தெரிஞ்சா அவரைக் கிண்டல் பண்ணுவீங்கன்னு வெளியில சொல்றதில்லை."

"அப்ப எதுக்கு அண்ணி நம்ம கொடியைக் கட்ட ஏணியில ஏறினீங்க?"

"அவருக்கு முட்டி வலி. ஏற முடியாது. வீட்டு மேல கொடி பறக்கலைன்னா மனுஷன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. எனக்குப் பாக்கச் சகிக்கலை."

டிங்கர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டார்.

அப்போது பெயிண்டர் உள்ளே வந்தார். டிங்கர் இருப்பதைக் கவனிக்காமல் நேரே கட்டிலருகே போய், மை வைத்த விரலை மனைவியிடம் நீட்டினார்.

"நீ ஏறினது என் கொடிக்காக. அதுக்கு உன் ஓட்டு எதுக்கு வீணாகணும்? போட்டுட்டு வந்துட்டேன்."