தட்டினால்தான் கிளம்பும்

சாவியைத் திருப்பினான். டக். அவ்வளவுதான்.

டிரைவர் மறுபடியும் திருப்பினான். டக்.

பின்சீட்டில் கிடந்த கல் உடைக்கிறவன் முனகினான். இடுப்புக்குக் கீழே சுற்றியிருந்த வேட்டி நனைந்து சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும், வண்டி கிடைத்தால் நீங்களே ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார்கள். விடுமுறை நாள். குவாரியில் ஈ காக்கை இல்லை. இருந்த ஒரே வண்டி முதலாளியின் இந்தப் பழைய கார்.

முன்விளக்கைப் போட்டுப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. பேட்டரியில் குறையில்லை. ஸ்டார்ட்டர்தான். எப்போதும் செய்கிற சண்டித்தனம்.

புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் தூக்கைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். பாறை சரிந்துவிட்டது என்று டிரைவர் சொன்னதற்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை.

"தள்ளட்டுமாண்ணே?"

தள்ளினாள். அவன் இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு காத்திருந்தான். மெத்தை மாதிரிக் கிடந்த கல்தூளில் ஒருத்தி தள்ளி என்ன நகரும்? சக்கரம் புதைந்ததுதான் மிச்சம்.

இந்த வண்டிக்கு ஒரே வைத்தியம்தான். ஒருவர் அடியில் படுத்து ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்ட வேண்டும். அதே நேரம் ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். தினமும் தட்டுகிறவன் பின்சீட்டில் கிடந்தான். "நம்மள மாதிரியேதான்ப்பா இதுவும், ரெண்டு வாங்கினாத்தான் வேலை பாக்கும்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைவான்.

அவளைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டுத் தானே கீழே போகலாம். கதவைத் திறக்கப் போன கையை டிரைவர் இழுத்துக்கொண்டான். அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முனகல் தேய்ந்துகொண்டே வந்தது.

"நான் போறேன். எங்க தட்டணும்?"

இறங்கி வந்து, குனிந்து காட்டினான். தடித்த ஒயர் போய்ச் சேருகிற உருளை. ஒயரில் படக்கூடாது.

"சுத்தியல்?"

"அங்கயே கிடக்கும், பாரு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் அவளுடைய பாதங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

நின்ற இடத்திலிருந்தே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடித்தான். தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தான்.

வரவில்லை.

"அண்ணே. இவரு செருப்பு ஒண்ணு இங்க கிடக்கு."

அவன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"மண்ணெல்லாம் ஈரமா இருக்கு." அவள் கை மண்ணைத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் தணிந்து வந்தது. "கியரை எடுத்துட்டீங்களா?"

உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டாம் கியரிலேயே நின்றது.

சற்று முன்பும் இதே இடத்தில், இப்படித்தான், சீட்டில் ஏறி உட்காரச் சோம்பல்பட்டுக் கையை உள்ளே விட்டிருந்தான். அப்போது வண்டி முதல் கியரில் இருந்தது; சாவியைத் திருப்பியதும் ஒரு குதி குதித்து நின்றது.

சாவியிலிருந்து கையை எடுத்தான். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். கியரை எடுத்தான்.

கீழே அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டங். டங்.

திருப்பினான். இன்ஜின் உறுமியது.

புழுதியோடு வெளியே வந்தவள் செருப்பை முன்சீட்டில், அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னால் ஏறி, புருஷனின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க."