ஏழோடு எட்டாவது

“முதல்ல அந்த ஏழு புரோகிராமையும் எடுத்துருங்க. வெறும் எடிட்டர் மட்டும் ஓடுதான்னு பாப்போம்.”

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக வந்திருந்த எஸ்.டி.டி. பூத்தில், ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினாள் குழல்வாய்மொழி. கையில் ஒரு நோட்டு. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு இலஞ்சிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஸ்டூலில் உட்காரவே சிரமப்பட்டாள்.

“லைன்ல யாரு அண்ணாச்சி?” என்று அவள் அப்பா குத்தாலிங்கத்திடம் கேட்டான் பூத்துக்காரன் ரத்தினம்.

“வேற யாரு? மெட்ராஸ்லேருந்து எங்க மாப்ள! வீட்டுலயே கம்ப்யூட்டர் வச்சிருக்காருல்லா. இந்த எண்பத்தொம்பதுல, நம்ம பக்கத்துல எவன் வீட்டு மாப்ள வச்சிருக்கான், சொல்லு பாப்போம்.”

மாப்பிள்ளை பெருமை பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டால் குத்தாலிங்கத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் கிடைத்திருந்தார்கள். சாரல் சீசன், அருவியில் குளித்துவிட்டு ஊருக்குப் போன் பேச வந்தவர்கள் ஈரத் துண்டோடு வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

“அதுக்குன்னு தனி ரூமு! செருப்போட உள்ள போகப்படாது. போன தடவ நான் போனப்போ, என்னையவே கால் கழுவிட்டு வாங்கன்னுட்டாவ.”

மெட்ராஸில் நிலைமை அவ்வளவு பெருமையாக இல்லை. புரோகிராம் எழுதுகிற எடிட்டர் காலையிலிருந்து அசையாமல் நின்று நின்று போகிறது. அந்த எடிட்டருக்கு எடுபிடி வேலை செய்ய ஏழு குட்டிப் புரோகிராம்கள். ஒன்று அடைப்புக்குறிகளைச் சரிபார்க்கும், ஒன்று வரிகளை ஒழுங்காகத் தள்ளி வைக்கும், இப்படி ஆளுக்கொரு வேலை. அதில் ஏதோ ஒன்று மக்கர் பண்ணுகிறது. அந்த எடிட்டரில் இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஒரு லைப்ரரியின் புத்தகப் பட்டியலுக்கான புரோகிராம். கடைசித் திருத்தத்தைச் செய்து பகல் பன்னிரண்டுக்குள் பிளாப்பியைக் கொடுக்காவிட்டால், கிடைத்த முதல் ஆர்டரே கைவிட்டுப் போய்விடும்.

“ஓடுதா? சரி, அப்ப எடிட்டர் மேல குத்தம் இல்ல. முதல் மூணை மட்டும் சேத்துட்டு, மூடித் திறங்க… நல்லா ஓடுதா? நாலையும் அஞ்சையும் சேருங்க.”

“மாப்ள கேக்காரு, இவ நோட்டைப் பாத்து வாசிக்கா. அவ்வளவுதான்” என்று ரத்தினத்துக்கு விளக்கம் கொடுத்தார் குத்தாலிங்கம்.

“நின்னுட்டா? எப்ப? எஃப் செவன் கீய அமுக்கினதுமா? நாலாவதை எடுத்துட்டுப் பாருங்க… அப்பவும் நிக்குதா? அஞ்சாவது நான் எழுதினதுல்லா! மூணு மாசமா ஒரு குறையும் இல்லாம ஓடுச்சே.” குழல்வாய்மொழி நோட்டை மூடினாள். “உள்ள என்னென்ன புரோகிராம் இருக்குன்னு ஒண்ணொண்ணா வாசிங்க… என்னது, எட்டாவதா ஒண்ணு இருக்கா?”

பூத்துக் கண்ணாடி அதிர்ந்தது.

“யாரக் கேட்டு எட்டாவதச் சேத்தீங்க? தேதி போடுததுக்கா? பக்கத்து ஆபீஸ்காரரு பிளாப்பி குடுத்தா, வாங்கி உடனே உள்ள போட்டுருவீங்களோ? அதுக்கும் எஃப் செவன், என்னோடதுக்கும் எஃப் செவன். ஒரே கீக்கு ரெண்டும் அடிச்சுக்கிட்டா மிஷின் நிக்காம என்ன செய்யும்? நோட்டுல எழுதாம எதையும் சேக்கப்படாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குத்தாலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

“ஏட்டி, மெதுவாப் பேசு. மாப்ளய இப்படியா அதட்டுவ? நாலு பேரு நிக்காங்க.”

“அப்பா, செத்த சும்மா இரிங்க.”

“சம்மந்தியம்மா காதுல விழுந்தா என்னட்டி ஆகும்? நாளைக்குப் பிள்ளையும் கையுமா அந்த வீட்டுக்குத்தான போய் நிக்கணும்?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எட்டாவதைத் தூக்கிருங்க. ஏழையும் திரும்பச் சேத்துருங்க. இப்ப எஃப் செவன்… ஓடுதா? அப்பாடா! மணி பத்தரைதான் ஆகுது. திருத்தத்த அடிச்சு, பிளாப்பில ஏத்தி, நீங்களே ஆட்டோவுல போய்க் குடுத்துட்டு வந்துருங்க.”

வரிசையில் முதலாவதாக நின்ற ஹாஜரா பீவி சொன்னார்: “மக கெட்டிக்காரி அண்ணாச்சி. மருமவன்தான் பாவம்.”

அந்த ஒரு வார்த்தையைக் குத்தாலிங்கத்தால் தாங்க முடியவில்லை. இவ்வளவு நேரம் பேசிய பெருமை எல்லாம் போயே போய்விட்டது. மகள் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

“மாப்ள, மன்னிச்சிருங்க. பிள்ளத்தாச்சி, ஏதோ கோவத்துல வாய் நீண்டுட்டு. மனசுல வச்சிக்கிடாதீங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன், ஒங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

மறுமுனையில் ஒரு பெண்குரல் கணீரென்று சிரித்தது.

“முதல்லேருந்தே அம்மாதான் பேசுதேன், சம்மந்தி. உங்க மாப்ள அடுக்களைல சோறு வடிச்சிக்கிட்டு இருக்கான். முப்பது வருசம் டைப்பிஸ்ட் வேலை பாத்து எத்தனையோ முதலாளிகிட்டத் திட்டு வாங்கியாச்சு. தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிக் குடுத்துட்டுத் திட்டுத முதலாளி, உங்க மக ஒருத்திதான்!”