அசைஞ்சா தெரியணும்

மெத்தைக்கு அடியில் வைக்கும் அந்த ஸ்பிரிங் சட்டம் மூன்றாவது முறையாகத் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தது. முதல் இரண்டு முறையும் ‘சரியில்லை’ என்று ஒரு சீட்டு மட்டும் வந்திருந்தது. இந்த முறை வாங்கியவரே வந்துவிட்டார். அதை வடிவமைத்த பொறியாளர் அவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னும் என்ன சார் குறை?”

“ஒரு பக்கம் அசைஞ்சா மறுபக்கம் தெரியவே மாட்டேங்குதும்மா.”

“தெரியக் கூடாதுன்னுதானே சார், ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனி துணிப்பையில போட்டுத் தைச்சேன்! நீங்க திருப்பி அனுப்ப அனுப்ப, இருந்த கொஞ்ச ஆட்டத்தையும் குறைச்சேன்!”

“என் மனைவி லேசா அசைஞ்சாக்கூட எனக்குத் தெரியணும்.”

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “தூக்கத்துலகூட அவங்களுக்குக் காவலா? இவ்வளவு சந்தேகம் ஆகாது சார்!”

அவர் கோபப்படவில்லை.

“அவளுக்குத் தூக்கத்துல வலிப்பு வரும்மா. போன வாரம் வந்தப்போ பக்கத்துலதான் படுத்திருந்தேன். விடிஞ்சு பார்த்தா, நாக்கைக் கடிச்சுத் தலையணை பூரா ரத்தம்.”

“சத்தம்கூடவா கேக்கல?”

“எனக்குக் காது சுத்தமாக் கேக்காதும்மா. நீங்க பேசறதையே உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறேன்.”

அவள் துணிப்பைகளை எல்லாம் தானே பிரித்தாள். ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்து, மெத்தையை மேலே போட்டு, அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னாள். பிறகு மறுபக்க ஓரத்தில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள்.

அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார்.