விருந்தாளிப் பாட்டு

ஒடெட் அந்த ஆளின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

பிடுங்கிய வேகத்தில் ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. முன்வரிசையில் இருந்த பிஷப் காதைப் பொத்திக்கொண்டார். பொத்தட்டும். இன்றைக்கு இதை முடித்துவிட்டுத்தான் மறுவேலை.

பிஷப் இந்தக் கூட்டத்தைப் பார்வையிடவே காங்கோவின் கின்ஷாசாவிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வந்திருக்கிறார். அவர் பார்த்துச் சரி என்றால்தான் தாய்ச்சபை இதை ஒரு சபையாக ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் மாதக் கடைசியில் இந்த இடம் மறுபடியும் பழைய டயர் கடை.

தரையிலிருந்த கிரீஸ் கறையை முட்டி தேயத் தேய்த்து எடுத்தவள் ஒடெட்தான். காங்கோவிலிருந்து வந்து தலை பின்னியும் வீடு கூட்டியும் பிழைக்கிறவர்களுக்கும், பாலத்தடியில் அட்டை விரித்துப் படுக்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரே சபை என்று போதகர் சொன்னபோது, முதலில் கைதட்டியவளும் அவள்தான்.

யாரை எங்கே உட்கார வைப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அவள் சிவப்புப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டால், போதகரே அவள் கைகாட்டிய நாற்காலியில்தான் உட்காருவார்.

ஆராதனைக்கு நடுவில், முதல்முறையாக வந்தவர்கள் எழுந்து பெயர் சொல்ல வேண்டும். மொத்தச் சபையும் எழுந்து நின்று, அந்தப் பெயரை வைத்து, கை சிவக்கத் தட்டிப் பாடும். கின்ஷாசாவிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். பாட்டு முடிந்ததும் விருந்தாளிக்கு ஒரு தட்டு வரும். பொரித்த மீன், ஃபூஃபூ என்கிற மரவள்ளி மாவுக் களி, ஒரு ஆரஞ்சு சோடா. மற்றவர்களுக்கு சூப்பும் ரொட்டியும்தான்.

இந்த ஆளோ குளிர் தொடங்கியதிலிருந்து வாராவாரம் விருந்தாளி.

ஒரு ஞாயிறு டெண்டாய் என்றான். அடுத்த ஞாயிறு சிசோமோ. ஒருநாள், தாடியும் மீசையுமாக நின்றுகொண்டு, ரோஸ்லின் என்றான். விடலைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போதகர் மட்டும் சிரிக்காமல், பாடுங்கள் என்றார். அவருக்கு எல்லோரும் நல்லவர்கள். ரோஸ்லின், ரோஸ்லின் என்று சபையே சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடியது. ஒடெட்டுக்கு வயிறு எரிந்தது. ஒரு துண்டு மீனுக்காகக் கர்த்தருடைய வீட்டில் நின்று வாய்கூசாமல் பொய் சொல்கிறானே.

அதனால்தான் இன்று காலை வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வா, உக்காரு, சூப்பைக் குடி. பேரு சொல்றேன்னு எந்திரிச்சே, கால ஒடிச்சிருவேன்."

"இன்னிக்கு மட்டும்மா. இனிமே எந்திரிக்கவே மாட்டேன்."

"ஆமா, பிஷப் வந்திருக்காரு, இன்னிக்கு மீனு பெருசா இருக்கும்னு கணக்குப் போட்டுட்ட."

அவ்வளவு சொல்லியும் எழுந்துவிட்டான். பானுவேல் என்றான். பாடகர்கள் வாயைத் திறக்கும் நேரத்தில்தான் அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"பிஷப் ஐயா, இந்தாளு பொய்யன். வாரத்துக்கு ஒரு பேரு. ஒரு நாளு பொம்பளப் பேருகூடச் சொன்னான். எல்லாம் மீன் தட்டுக்காக. நம்ம பாட்டை வெச்சு விளையாடுறான்."

சபை சிரித்தது. பிஷப் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போதகரைப் பார்த்தார்.

அந்த ஆள் நின்ற இடத்திலேயே நின்றான். மைக் இல்லாமலே அவன் பேசியது கடைசி வரிசை வரை கேட்டது.

"அதெல்லாம் என் பேரு இல்லம்மா. பாலத்தடியில எங்கூடப் படுத்திருந்தவங்க. குளிர்ல போயிட்டாங்க. முனிசிபாலிட்டி வண்டி வந்து தூக்கிட்டுப் போவும், பேருகூடக் கேக்காது. இங்கதான் ஒரு பேரைச் சொன்னா எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாடுறீங்க."

சிரிப்பு நின்றுபோயிற்று. ரோஸ்லினுக்குச் சிரித்த விடலைகள் தரையைப் பார்த்தார்கள்.

ஒடெட்டின் கோபம் மட்டும் நிற்கவில்லை. இந்தப் பாவி இதை வாசலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? தான்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? யார்மேல் காய்வது என்று தெரியாமல் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிஷப் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, செத்தவங்களுக்கு நம்ம சபையில பாடுறது வழக்கமில்ல. இது உயிரோட வந்து நிக்கிறவங்களுக்கான பாட்டு."

யார்மேல் காய்வது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சபை கிடைத்தாலும் சரி, டயர் கடையாகப் போனாலும் சரி.

"பாடுவோம் ஐயா. இந்தத் தரையை நான் தேச்சேன். இங்க நின்னு பானுவேலுக்கும் பாடத்தான் போறோம்."

சொல்லிவிட்டு மைக்கை அந்த ஆளின் வாயருகே கொண்டுபோனாள். "சொல்லு. அந்தப் பானுவேல் என்னிக்குச் செத்தான்?"

"சாகலம்மா. அது நான்தான். பாலத்தடியில இப்ப வேற யாரும் மிச்சமில்ல. நான் போனா என் பேரைச் சொல்ல ஆளிருக்காது, அதான் நானே சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன்."