படம் போன டிவி

"சன்னலைச் சாத்துங்கக்கா. இருட்டு வேணும்."

சாத்தினாள்.

மெக்கானிக் ஜெயசீலன் டிவியைத் திருப்பி வைத்துப் பின்மூடியைக் கழற்றினான். நாலு மாதமாகச் சத்தம் மட்டும் வருகிற டிவி. படம் இல்லை.

தெரிந்ததையெல்லாம் அவள் செய்து பார்த்திருந்தாள். பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினாள். கேபிள் வயரைப் பிடுங்கிச் சொருகினாள். ஒரு செவ்வாய்க்கிழமை சாம்பிராணிகூடக் காட்டினாள்.

"டியூப் போயிட்டு. கெடக்கட்டும் விடு" என்று சொல்லிவிட்டார் புருஷன்.

அவர் மில்லுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் ஜெயசீலனைக் கூப்பிட்டாள்.

நாலு மாதமாக உள்ளூர் கேபிளில் ஏழு மணிச் செய்தி வாசிப்பது அவர்கள் மகள். விரும்பியவனோடு அவள் வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. குரல் மட்டும் தினமும் வந்துபோகிறது.

முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.

"இங்க பாருங்க." டியூபின் ஒடுங்கிய கழுத்துக்குள் சின்னதாக ஒரு ஆரஞ்சு வெளிச்சம். "எரியுதுல்லா? உசுரு இருக்கு."

திரைக் கண்ணாடியருகே புறங்கையைக் கொண்டுபோனான். மயிர் குத்திட்டு நின்றது.

"கரண்டும் வருது. பெறகென்ன கேடு இதுக்கு?"

முன்னால் வந்து குனிந்தான். திரைக்குக் கீழே ஒரு குட்டி மூடி. நகத்தால் நெம்பினான். உள்ளே வரிசையாக நாலு திருகுகள். ஒன்றை வலப்பக்கம் திருப்பினான்.

படம் வந்தது. யாரோ கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வெளிச்சத்த அடியோட கொறச்சு வச்சிருக்காவ. இதுக்குப் போயி டியூப் செத்துட்டுன்னு ஒப்பாரி!" சிரித்தான். "சின்னப் பிள்ளைக கை வச்சிருக்கும்க்கா."

அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள் அந்த மூடியைத் திறந்ததே இல்லை.

அவன் போன பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

மகள் போன அன்று, வாசலில் நின்று தெருவே கேட்க அவர் சொன்னார். "இனி அவ மொகத்துல முழிக்க மாட்டேன்."

ஆனால் இந்த நாலு மாதத்தில் ஒருநாள்கூட ஏழு மணிக்கு அவர் வெளியே இருந்ததில்லை. கறுத்த கண்ணாடிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர்ச் செய்தி கேட்கிறார் என்று நினைத்திருந்தாள்.

ஏழுக்கு ஐந்து நிமிடம். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம்.

அவள் திருகைத் தொடவில்லை.

உள்ளே வந்தவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் வந்தாள்.

குடிநீர்க் குழாய் உடைப்பு. ரேஷன் கடையில் கூட்டம். பேருந்து நிலையத்துக் கூரை. அதே குரல். தெளிவாக, பதறாமல்.

கன்னம் ஒட்டியிருந்தது. பவுடர் அப்பியும் எலும்பு தெரிந்தது. இரண்டு பக்கமும் முடியை இழுத்துக் காதை மூடியிருந்தாள்.

தாளைப் புரட்டக் குனிந்தபோது முடி விலகியது.

அப்பா வாங்கிப் போட்ட தோடு இல்லை.

தோட்டுத் துளையில் ஈர்க்குச்சி.

மகளின் கை மேலே போனது. முடி மறுபடி காதை மூடியது. குரல் எங்கும் தடுக்கவில்லை.

"எளச்சிருக்காளா?"

கண்ணைத் திறக்காமல்தான் கேட்டார். இந்த ஒன்றரை வருடத்தில் மகளைப் பற்றி அவர் கேட்ட முதல் வார்த்தை.

"இல்ல" என்றாள். "நல்லாத்தான் இருக்கா."

அவர் முகம் இளகியது. இமைகள் அசைந்தன.

அவள் எழுந்தாள். மூடியை நெம்பினாள். நகம் பிய்ந்தது. திருகை இடப்பக்கம், கடைசி வரைக்கும், திருப்பினாள்.

அவர் கண்ணைத் திறந்தபோது கறுப்புக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

"டியூப் போயிட்டு" என்றாள்.